மிக்ஸிங் அக்கா பார்த்தது

அவருடைய மானிட்டரின் மேல்மூலையில் ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி கட்டப்பட்டிருந்தது. வேலை செய்துகொண்டே, தலையைத் திருப்பாமல், தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள், எதைத் தொடுகிறார்கள் என்று பார்ப்பதற்காக. நான் முதல்முறை அந்த அறைக்குள் நுழைந்தபோது, அவர் முகத்தை நான் பார்ப்பதற்கு முன்பே கண்ணாடிக்குள்ளிருந்து அவர் கண்கள் என்னைப் பார்த்துவிட்டன.

"செருப்ப வெளிய வுடு. யாரு நீ?"

"சர்வீஸ் கடையிலேர்ந்து வரேன்க்கா. கம்ப்யூட்டர அப்கிரேட் பண்ணணும்னு போன் பண்ணீங்களாம்."

"பொம்பளப் புள்ளய அனுப்பிச்சிருக்கானுங்க. கடையில பசங்க இருந்தானுங்களே, இன்னா ஆனானுங்க? எதுனா பண்ணிட்டு ஓடிட்டானுங்களா?"

"யாரும் ஓடலக்கா. ஹார்டுவேர் வேலைய நாந்தான் பாக்கறேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்சிருக்கேன்."

"படிச்சுட்டு ஏன் ஸ்க்ரூ திருகிக்கினு இருக்கற?" என்றார். அதில் கேலி இல்லை. அதற்குப் பின்னால் ஏதோ விஷயம் ஒளிந்திருக்கிறது என்று உண்மையிலேயே நினைத்துத்தான் கேட்டார்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், உரக்கடை ஒன்றின் மாடியில் அவருடைய அறை. கச்சிராயபாளையம், மணலூர்பேட்டை, உளுந்தூர்பேட்டை என்று சுற்றுவட்டாரத்தில் கேமரா வைத்திருந்தவர்கள் கல்யாணங்களைப் படம்பிடித்து, மெமரி கார்டை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேண்டாததை வெட்டி, வேண்டியதைக் கோத்து, பாட்டுப் போட்டு, கல்யாண வீட்டாரிடம் கொடுக்கும்படியாக ஆக்கித் தருவது அவர் வேலை. எங்கள் பக்கத்தில் அதற்கு மிக்ஸிங் என்று பெயர். அதனால் அவர் மிக்ஸிங் அக்கா. பில் போடுவதற்காகச் சொந்தப் பெயரைக் கேட்டேன். "எதுக்கு?" என்றார். மிக்ஸிங் அக்கா என்றே பில் போட்டேன்.

எந்த வேலைக்குப் போனாலும் மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொள்வது என் வழக்கம். உள்ளே என்னென்ன இருக்கின்றன, எவற்றை மாற்ற வேண்டும், எவற்றை மாற்றவேண்டியதில்லை. அன்றைக்குப் பெட்டியைத் திறந்தவுடனே பட்டியல் நின்றுவிட்டது. உள்ளே ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் அரக்கு நிற நகப்பூச்சு. ரேமில் ஒரு புள்ளி, ஹார்டு டிஸ்கில் ஒரு கோடு, மின்விசிறியின் இறக்கை ஒன்றில்கூட ஒரு தீற்று.

"இது இன்னாக்கா?"

"அடையாளம். முந்தி ஒருத்தன் வந்தான். நல்ல ரேம கழட்டிக்கினு சொத்தய மாட்டிட்டுப் பூட்டான்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"அவன் போனப்புறம் மிஷின் மெதுவா ஆயிடுச்சு."

ரேம் மாற்றப்பட்டதாகவே தெரியவில்லை. ப்ராசஸரின் மேல் இருந்த விசிறியில் கம்பளி மாதிரி தூசி படிந்திருந்தது. காற்றோட்டம் இல்லாமல் சூடேறி, தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"நான் துணி போட்டு மூடித்தான வெச்சிருக்கேன். தூசி எப்பிடி உள்ள போவும்?" கண்ணாடி வழியாக என் பையைப் பார்த்தார், அதில் நான்தான் தூசியை அள்ளிக்கொண்டு வந்திருப்பேனோ என்பதுபோல.

"மூடி வெச்சதாலதான்க்கா சூடு ஜாஸ்தி ஆவுது."

"யாரு சொன்னது?"

தூசியைத் துடைத்துவிட்டு என் பட்டியலை ஒப்பித்தேன். ப்ராசஸர் பழசு, ஆனால் இன்னும் கொஞ்சகாலம் தாங்கும். ரேமை இரட்டிப்பாக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் சுழன்று சுழன்று தேடுவதால் தாமதம். நடக்கிற வேலையை வைத்துக்கொள்ள, சுழலாமல் உடனே எடுத்துத் தருகிற ஓர் எஸ்.எஸ்.டி. வேண்டும். புதிய கேமராக்கள் படத்தை மிக நெருக்கமாகச் சுருக்கிப் பதிவுசெய்கின்றன; அதைப் பிரித்துக் காட்டுகிற தெம்பு இந்தக் கணினிக்கு இல்லை. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டும். அதைப் போட்டால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும்.

"இதெல்லாம் போட்டா?"

"வேகமா ஓடும்."

"வேகமா ஓடுனா எதையாவது வுட்டுட்டுத்தான் ஓடும்," என்றார். "இது மெதுவா ஓடுது. ஒண்ணொண்ணா நின்னு காட்டுது. எனக்கு அதான் வேணும்."

அத்தோடு அனுப்பிவிட்டார். ஆனால் ஒருவருடத்துக்கும் மேலாக, சின்னச் சின்ன வேலைகளுக்கு என்னையே கூப்பிட்டார். என்மேல் நம்பிக்கை வந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டேன். "உன்ன எனக்கு இப்போ கொஞ்சம் தெரியும். புதுசா ஒருத்தன் வந்தா மொதல்லேர்ந்து பாக்கணும்," என்றார்.

அப்படிப் போய்வந்ததில்தான் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். பழைய கணினியில் கல்யாணம் திக்கித் திக்கி ஓடும். மேளச் சத்தம் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும், படம் மட்டும் நின்று நின்று தாவும். படம் நின்ற இடத்தில் அவரும் நிறுத்துவார். முகத்தைத் திரையருகே கொண்டுபோவார்.

"இங்க பாரு, மாப்பிள்ளயோட சித்தப்பா. போட்டோக்குப் பல்லக் காட்டுறாரு. கேமரா அந்தாண்ட போனதும் மூஞ்சியப் பாரு."

முகம் பாதி மூடிய கண்களோடு, கோணிய வாயோடு நின்றிருந்தது. பேசிக்கொண்டிருப்பவரை நடுச்சொல்லில் நிறுத்தினால் யார் முகமும் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"எல்லாருமே அப்பிடித்தான் இருக்காங்கன்னா, எல்லார் மனசுலயும் எதோ இருக்குதுன்னு அர்த்தம்," என்றார். அவரோடு வாதாடுவது இப்படித்தான் முடியும்.

மணலூர்பேட்டைப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றை மிக்ஸிங் செய்தபோது, மணப்பெண்ணின் முகத்தை நிறுத்திவைத்து, "இது தங்காது," என்றாராம். கார்டு கொண்டுவந்த கேமராமேன் சிரித்திருக்கிறார். அடுத்த ஆடி வருவதற்குள் அந்தப் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். கேமராமேன்கள் மூலமாக அந்தக் கதை எல்லா ஊர்களுக்கும் போனது. அதன்பிறகு ஆட்கள் அவரிடம் கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். சம்பந்திக்கு உள்ளுக்குள் வருத்தமா என்று கேட்டார் ஒருவர். மருமகள் தன்னைப் பார்த்தபோது முகம் சுளித்தாளா என்று ஓர் அம்மா. அக்கா கல்யாணத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சொல்வார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொல்லி நடக்காமல்போனவற்றை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவரும் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அவர் அதே கையால் வேறொன்றும் செய்வார். ஒரு கல்யாணத்தில், மேடையில் ஆசீர்வாதம் செய்யப் போன விதவை அம்மாள் ஒருவரை யாரோ தோளைப் பிடித்து நகர்த்தியது பதிவாகியிருந்தது. அதை வெட்டினார். வெட்டிய இடத்தில், அதே அம்மாள் பந்தியில் யாரோடோ சிரித்துப் பேசுகிற காட்சியைத் தேடி எடுத்து வைத்தார். சாப்பிடும்போது வாயில் ஒழுகுவது, மொய் எழுதுகிற இடத்தில் நடந்த வாய்த்தகராறு, மாப்பிள்ளையின் அண்ணன் தள்ளாடியது, எல்லாம் போய்விடும்.

"பாதி ஊரோட மானம் என் டெலீட் பட்டன்லதான் இருக்குது," என்பார்.

"நீங்க வெட்டுனது அவங்களுக்குத் தெரியாதேக்கா."

"தெரியக் கூடாதுன்னுதான வெட்டுறது?"

வெட்டியதையெல்லாம் மறக்க அவரால் முடியவில்லை. வீட்டாருக்குப் போனது சிரிக்கும் முகங்கள். மற்ற முகங்கள் அவரோடு தங்கிவிட்டன. தெருவில் எதிரே வருபவரைக் காட்டி, "இந்தாளு தன் அக்கா பொண்ணு கல்யாணத்துல பந்தியிலயே குந்திக்கினு இருந்தாரு. தாலி கட்டும்போதுகூட வரல," என்று காதோடு சொல்வார். எதிரே வந்தவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்.

கடைசியில் அவரை மசியவைத்தது கல்வராயன் மலை. கல்யாணம் முடிந்த ஜோடியை மலைக்குக் கூட்டிப்போய், அருவியிலும் வளைவுச் சாலையிலும் ட்ரோன் பறக்கவிட்டு எடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் படங்களைத் திறந்தால் பழைய கணினி மூச்சுத் திணறி அப்படியே நின்றுவிடும்.

"இன்னாடா இது, வெள்ள வெள்ளயா தெரியுது?" என்று உளுந்தூர்பேட்டை கேமராமேனிடம் கேட்டார்.

"பனிக்கா. மேல ஏறுனா அப்பிடித்தான்."

"பனியா, லென்ஸ தொடைக்கலயா?"

"யக்கா, நீயே ஒருநாளு மலைக்கு வந்து பாரேன்."

"நான் மலைக்கு வந்தா இத யாரு பாத்துக்கறது? நீ பாத்துப்பியா?"

அவர் ஒருமுறைகூட அந்த மலைக்குப் போனதில்லை. ஆனால் எந்த வளைவில் எந்த மரம் சாய்ந்திருக்கிறது என்று சொல்வார். மேலும், உளுந்தூர்பேட்டையில் புதிதாக ஒருவர் மிக்ஸிங் ஆரம்பித்து, ஒரே வாரத்துக்குள் முடித்துக் கொடுப்பதாக அந்த கேமராமேன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"மாட்டிடு. ஆனா என் கண்ணு முன்னாடி மாட்டணும். கழட்டுனது எல்லாம் என்கிட்டயே இருக்கணும்."

பாகங்களோடு போனேன். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு தாம்பாளத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். நான் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, போன வாரம் தான் ஒரு திருட்டைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார்.

கச்சிராயபாளையத்தில் கரும்புத் தோட்டம் வைத்திருக்கிற ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். கூட்டத்தில் பேரக்குழந்தையின் கழுத்துச் செயின் காணாமல்போய்விட்டது. வீட்டுப் பெரியவர் அக்காவுக்குப் போன்செய்து, வீடியோவில் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். அக்கா தேடிப் பார்த்திருக்கிறார். அழுதுகொண்டிருந்த குழந்தையை, பந்தியில் எச்சில் இலை எடுக்க வந்திருந்த பெண் ஒருத்தி தூக்குகிறாள். கழுத்தில் செயின் இருக்கிறது. அங்கே படம் நின்றுவிட்டது. அடுத்துத் தாவியபோது குழந்தை அவளிடம் இல்லை. அவள் இடுப்பில் எதையோ செருகிக்கொண்டிருக்கிறாள்.

"அவதான்னு சொல்லிட்டேன்," என்றார் அக்கா. "திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

நான் பவர் சப்ளையின் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். படிகளில் காலடிச் சத்தம் கேட்டது.

"மிக்ஸிங் கட இதுதாங்களா?"

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கலாம். கையில் பை எதுவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தவுடனேயே அக்காவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. தாம்பாளம் மடியில் ஒருமுறை அசைந்தது.

"நான் செயின எட்த்தத நீங்க பாத்தீங்களாமே," என்றாள் அந்தப் பெண். "எனக்கும் காட்டுங்க. நானும் பாக்கறேன்."

"மிஷின பிரிச்சுப் போட்டுக்கினு இருக்குது. இன்னொரு நாளு வா."

"இன்னொரு நாளு இன்னாங்க இருக்குது? ஞாயித்துக்கெயம ஊர கூட்டி வெச்சுக் கேக்கப் போறாங்க. கரும்பு வெட்டுக்கு என்னயும் எங்க வூட்டுக்காரரயும் வராதீங்கன்னு சொல்லியாச்சு. பள்ளிக்கூடத்துல எம் பொண்ண திருடி மவன்றாங்களாம். நான் இருக்கேன். மாட்டி முடிங்க."

கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அக்கா கை நீட்டிக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தார், அவள் தெரியும்படியாக.

நான் வரிசைப்படி செய்தேன். பவர் சப்ளை, ரேம், எஸ்.எஸ்.டி., கடைசியாக கிராஃபிக்ஸ் கார்டு. ஒவ்வொரு திருகையும் முடுக்கும்போது அக்கா என் கையைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

"இத்தினி இருக்குதா இதுக்குள்ள?" என்றாள் அந்தப் பெண்.

"எதையும் தொடாத."

"நான் எங்கங்க தொட்டேன்? இங்கதான குந்திக்கினு இருக்கேன்."

எல்லாவற்றையும் மாற்றி ஏற்றி, மெமரி கார்டிலிருந்த அந்தப் பதிவையும் எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. கணினியை அணைத்துத் திரும்பப் போட்டுக் காட்டினேன். உடனே திரை வந்தது. "இவ்ளோ சீக்கிரம் வராதே," என்றார் அக்கா. எதையோ தாண்டிவிட்டு வந்திருக்கிறது என்ற முகம். பிறகு அந்தப் பதிவைத் திறந்து ஓட்டினார்.

படம் தண்ணீர் மாதிரி ஓடியது. அந்தப் பெண் குழந்தையைத் தூக்குகிறாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. முந்தானை நுனியால் துடைத்துவிடுகிறாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறார். அவரிடம் குழந்தையைக் கொடுக்கிறாள். அவர் தோளில் போட்டுக்கொள்கிறார். செயின் குழந்தையின் கழுத்தில் ஆடுவது நன்றாகத் தெரிகிறது. அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே இருந்த இலைக் கூடையை எடுக்கிறாள். வெள்ளைச் சட்டைக்காரரின் கை குழந்தையின் முதுகிலிருந்து மேலே போகிறது. அதற்குள் கெட்டிமேளம் கேட்டு, கேமரா மேடைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

"முந்தானய சொருவுறேன்," என்றாள் அந்தப் பெண். எங்களுக்குச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அக்கா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். நேருக்கு நேராக அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

"நீ இன்னா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"அன்னிக்கி இது இல்ல. இந்த நடுவுல வர்றது எதுவுமே இல்ல. இன்னிக்கி எங்கேர்ந்து வந்துச்சு? இவ உனக்குத் தெரிஞ்சவளா? ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினு வந்தீங்களா?"

"இந்தப் பொண்ண நான் இப்பதாங்க பாக்கறேன்," என்றாள் அவள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குப் புரிகிற வரிசையில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

"அக்கா, அன்னிக்கி பாக்கும்போது சத்தம் நின்னுச்சா?"

"இல்ல. படந்தான் நின்னுச்சு."

"சத்தம் போய்க்கினே இருந்துச்சு. பழைய மிஷினால சத்தம் போற வேகத்துக்குப் படத்தப் பிரிச்சுக் காட்ட முடியல. அதனால நடுவுல இருந்தத வுட்டுட்டு, சத்தம் எங்க இருக்குதோ அங்க தாவிடுது. நீங்க பாத்தது முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நடுவுல வந்தது கார்டுலயே இருந்துச்சு. அது உங்களுக்குக் காட்டல."

"மெதுவா ஓடுறது எப்பிடி வுட்டுட்டு ஓடும்?"

"மெதுவா ஓடுறதுதான்க்கா வுட்டுட்டு ஓடும்."

அவர் நம்பவில்லை. பழைய பாகங்களையெல்லாம் திரும்ப மாட்டச் சொன்னார். நியாயமான சோதனைதான், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தாம்பாளத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். மாட்டினேன். பதிவை ஓட்டினார். பெண் குழந்தையைத் தூக்கினாள், படம் நின்றது, மேளம் போய்க்கொண்டிருந்தது, அடுத்த காட்சியில் குழந்தை இல்லை, கை இடுப்பில். மறுபடியும் புதியவற்றை மாட்டினேன். மூக்கைத் துடைத்தது, கை மாறியது, செயின் ஆடியது, எல்லாம் திரும்பி வந்தன.

பிறகு அவர் அம்புக்குறி பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்தி, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எதுவும் இல்லை என்று உறுதியாகும்வரை பார்த்தார். கடைசிப் படத்தில் நின்றார். வெள்ளைச் சட்டைக்காரரின் கை குழந்தையின் பிடரியருகே இருந்தது.

"இது பெரியவரோட தம்பி," என்றார். குரல் பழைய குரலாக மாறிவிட்டது. "இந்தக் கையப் பாரு. இது எங்க போவுது பாரு."

"வாண்டாங்க," என்றாள் அந்தப் பெண். எழுந்து நின்றிருந்தாள்.

"இன்னா வாண்டாம்?"

"அவரு எட்த்தாருன்னு சொல்ல வாண்டாம். நான் எடுக்கலன்னு சொல்லுங்க. அது போதும்."

"அப்போ யாருன்னு கேப்பாங்களே?"

"கேக்கட்டும். என்னயும் இப்பிடிப் பாத்துட்டுத்தான சொன்னீங்க?"

அக்கா திரையைப் பார்த்தார். பொத்தான்மேல் வைத்த விரல் அப்படியே இருந்தது. பிறகு போனை எடுத்துப் பெரியவரைக் கூப்பிட்டார். என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டத்தானோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, அன்னிக்கி நான் சொன்னது தப்புண்ணே. அந்தப் பொண்ணு எடுக்கல. கொயந்தய குடுத்ததுக்கு அப்புறமும் கழுத்துல செயின் இருக்குது. இப்பதான் தெளிவாத் தெரிஞ்சுது."

"அவ இன்னா குடுத்தா உனக்கு?" என்றார் பெரியவர்.

"அண்ணே!"

"போன வாரம் நல்லாத் தெரியுதுன்ன. அவதான்னு அடிச்சு சொன்ன. இப்போ இல்லன்ற. நடுவுல உன்ன யாரோ வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. எனக்குத் தெரியாதா?"

எத்தனையோ பேரைப் பார்த்து எத்தனையோ முறை அக்கா சொன்ன வார்த்தைகள்தான் அவை. இப்போது அவற்றைக் கேட்கிற இடத்தில் அவர் இருந்தார். கன்னம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"மிஷினோட நேர்ல வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

பென்டிரைவில் போட்டு எடுத்துப்போகலாம் என்றேன். "அதுல போட்டா நான் வெட்டி ஒட்டிட்டேன்னு சொல்லுவாங்க. கார்டும் இருக்கணும், மிஷினும் இருக்கணும். நீயும் வா. மெதுவா ஓடுறது வுட்டுட்டு ஓடும்னு என்கிட்ட சொன்னல்ல, அத அவருகிட்டயும் சொல்லு." ஒயர்களைக் கழற்றிப் பையில் போட்டேன். கணினிப் பெட்டியை அவரே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டார்.

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர் பெட்டியை ஒரு தட்டு தட்டிவிட்டு, "இன்னாம்மா இது, மாவு மிஷினா?" என்றார்.

"கம்ப்யூட்டர். தட்டாதய்யா."

"லக்கேஜ் போடணும்."

"போடு. தட்டாத."

அந்தப் பெண்ணுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. பஸ் வளைவில் திரும்பியபோது அக்கா பெட்டியோடு சாய்ந்தார். "குடுங்க, மடியில வெச்சுக்கறேன்," என்றாள் அவள். அக்கா கொடுக்கவில்லை. அடுத்த நிறுத்தம் போனது, அதற்கடுத்ததும் போனது. பிறகு கொடுத்தார். கொடுத்தபிறகும் ஒரு கையைப் பெட்டியின்மேலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

பெரியவர் வீட்டில் கூடத்துச் சுவரில் பெரிய டிவி இருந்தது. அக்காவும் நானும் உள்ளே போனோம். அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். "அவளும் பாக்கணும்," என்றார் அக்கா. பெரியவர் தன் மனைவியைப் பார்த்தார். பிறகு படுக்கையறையிலிருந்த சின்ன டிவியைத் தூக்கிவரச் சொல்லி, போர்ட்டிகோவில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தார்கள். அவளை உள்ளே கூப்பிடவில்லை. எல்லோரும் வெளியே வந்தோம். நான் ஒயரை மாட்டினேன்.

அக்கா மூன்றுமுறை ஓட்டினார். ஒவ்வொரு முறையும் செயின் ஆடுகிற இடத்தில், கை நகர்வதற்கு முன், நிறுத்தினார்.

"ஆமா, செயின் இருக்குதே," என்றார் குழந்தையின் தாய்.

"முன்னாடி ஏன் தெரியல?" என்று பெரியவர் கேட்டார். நான் அக்காவிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "இன்னும் ஓட்டு," என்றார்.

"அவ்ளோதாங்க. கேமரா மேட பக்கம் திரும்பிடுச்சு."

"அப்போ யாரு எட்த்தது?"

பெரியவரின் தம்பி தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். அதே வெள்ளைச் சட்டை மாதிரி ஒரு சட்டை. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

"நீதான் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிப்பியே?"

"தெரியாதுங்க." பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் தப்பா சொல்லிட்டேம்மா," என்றார்.

"ஆமாங்க," என்றாள் அவள். "தப்பாத்தான் சொன்னீங்க."

பெரியவர் செருமிக்கொண்டார். "சரி, சரி. நாளைக்கி ரெண்டு பேரும் வெட்டுக்கு வந்துடுங்க."

"ஞாயித்துக்கெயம ஊரு முன்னாடி சொல்லுங்கய்யா, நான் எடுக்கலன்னு. அப்புறமா வரோம்."

அவள் அசையாமல் நின்றாள். "சொல்றேன், போ," என்றார் கடைசியில். அவள் எங்களிடம் எதுவும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனாள்.

பெரியவர் சொன்னபடி அவருடைய தம்பி உள்ளே போய் எங்கள் இருவருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கரும்பு லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்ததால் பஸ் ஊர்ந்தது. இன்றைக்கு நடந்தது அவரை மாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தாளு தம்ளர நீட்டும்போது கை நடுங்குச்சு," என்றார், வெளியே பார்த்தபடியே.

"காபி சூடா இருந்துச்சுக்கா. விளிம்பப் புடிச்சுத்தான் குடுத்தாரு."

அக்கா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"அப்போ நீயும் அவரு கையத்தான் பாத்துக்கினு இருந்திருக்க," என்றார்.